டிசம்பர் குளிரில் கிராண்ட் கேன்யன்: பெற்றோருடன் ஒரு ராத்திரி

கேள்வி இதுதான். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் டல்லஸ் வந்திருக்கிறார்கள். இருவருக்கும் அறுபத்தைந்து தாண்டிவிட்டது, அப்பாவுக்கு முழங்கால் வலி. கூடவே ஏழு வயதுப் பையன். டிசம்பர் கடைசி வாரத்தில் கிராண்ட் கேன்யன் காட்ட வேண்டும். லாஸ் வேகஸில் இறங்கி ஒரே நாளில் போய்த் திரும்பலாமா, ஒரு ராத்திரி தங்க வேண்டுமா, அந்தக் குளிரில் பெரியவர்களை அழைத்துப்போவது சரியா?

தாராளமாக அழைத்துப்போகலாம். ஆனால் ஒரு ராத்திரி தங்கியே ஆக வேண்டும். அதுவும் வழியிலுள்ள ஊர்களான ஃப்ளாக்ஸ்டாஃபிலோ வில்லியம்ஸிலோ அல்ல, சவுத் ரிம் என்கிற, பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பிலேயே. அரிசோனாவில் குடியிருப்பதால் குளிர்கால விருந்தாளிகளை அங்கே கூட்டிக்கொண்டு போவது எனக்குப் பழகிப்போன வேலை. வேறு எந்தச் செலவில் கை வைத்தாலும் அறைச் செலவில் கை வைக்காதீர்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன்.

வெளிச்சக் கணக்கைப் பாருங்கள். டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் உதிக்கக் காலை 7:40 ஆகிவிடும். மாலை 5:20க்கெல்லாம் மறைந்துவிடும். முழுசாகப் பத்து மணி நேரம்கூடப் பகல் இல்லை. லாஸ் வேகஸிலிருந்து சவுத் ரிம் சுமார் 280 மைல், நிற்காமல் ஓட்டினாலே நாலரை மணி நேரம். பெரியவர்களும் சின்னப் பிள்ளையும் இருக்கிற காரை நிறுத்தாமல் ஓட்ட முடியுமா? ஐந்தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் கடிகாரம் வேறு காலை வாரும். அரிசோனாவில் நவஹோ பழங்குடியினரின் நிலம் தவிர வேறெங்கும் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அதனால் கோடையில் வேகஸுக்கும் இங்கேயும் ஒரே நேரம், குளிர்காலத்தில் நாங்கள் ஒரு மணி நேரம் முன்னால். காலை ஆறு மணிக்கு வேகஸில் கிளம்பினால் போய்ச் சேரும்போது பகல் பன்னிரண்டரை. வாசலில் கார் வரிசை, சாப்பாடு, பாத்ரூம் எல்லாம் போக நாலு மணி நேரம் மிஞ்சினால் பெரிது. அப்புறம் இருட்டில், ஐஸ் பிடித்த சாலையில், எல்க் மான்கள் குறுக்கே வருகிற காட்டுவழியாக மறுபடி ஐந்து மணி நேரம் ஓட்ட வேண்டும்.

அந்த நாலு மணி நேரத்தில் மேகம் வந்து மூடிக்கொண்டால் கதை முடிந்தது. குளிர்காலத்தில் அப்படி நடப்பதுண்டு. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள், எதிரே வெள்ளைச் சுவர்தான் இருக்கும். ராத்திரி தங்கினால் ஒரு பிற்பகல், ஓர் அஸ்தமனம், ஓர் உதயம், ஒரு முழுக் காலை என்று நாலு வாய்ப்புக் கிடைக்கிறது. குளிர்காலப் புயல்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் கடந்துபோகிறவை. நாலும் சேர்ந்து கைவிடுவது அபூர்வம்.

எந்த கேன்யன் என்பதிலும் தெளிவாக இருங்கள். வேகஸ் விடுதிகளில் விற்கும் பஸ் டூர்களில் பல ‘கிராண்ட் கேன்யன் வெஸ்ட்’ என்ற இடத்துக்குப் போகிறவை. அது ஹுவலபாய் பழங்குடியினரின் நிலம். தேசியப் பூங்காவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கட்டணமும் தனி. 2007இல் திறந்த கண்ணாடிப் பாலம் இருப்பது அங்கேதான். வேகஸுக்கு அது பக்கம், குளிரும் குறைவு. ஆனால் நாம் படங்களில் பார்க்கிற அந்த அகலமும் ஆழமும் அடுக்குகளும் வேண்டுமென்றால் சவுத் ரிம்முக்குத்தான் வர வேண்டும். எதிர்ப்பக்க விளிம்பான நார்த் ரிம் பேச்சே வேண்டாம். ஆயிரம் அடிக்கு மேல் கூடுதல் உயரத்தில் இருப்பதால் குளிர்காலத்தில் அந்தச் சாலையையே மூடிவிடுவார்கள். 2025 ஜூலையில் வந்த காட்டுத்தீயில் அங்கிருந்த பழைய லாட்ஜும் எரிந்துபோனது.

டல்லஸிலிருந்து ஃபீனிக்ஸுக்கு நேர் விமானங்கள் நிறைய. அங்கே இறங்குங்கள். சவுத் ரிம் சுமார் 230 மைல், மூன்றரை மணி நேரம். கடிகாரக் குழப்பமும் இல்லை. முந்தின நாள் மாலையே இறங்கி ஃபீனிக்ஸில் தூங்கிவிட்டு, காலை ஏழரைக்குக் கிளம்பினால் போதும். ஐ-17 நெடுஞ்சாலையில் கள்ளிச்செடிப் பாலைவனத்தில் தொடங்கி, இரண்டு மணி நேரத்தில் பைன் காட்டுக்குள் நுழைந்துவிடுவீர்கள். ஃபீனிக்ஸ் சுமார் 1,100 அடி, ஃப்ளாக்ஸ்டாஃப் ஏறத்தாழ 7,000 அடி. அரிசோனாவில் ஸ்னோவா என்று கேட்கிற ஊர்க்காரர்கள் ஃப்ளாக்ஸ்டாஃப் தெருக்களைப் பார்த்துத் திகைத்துப்போவார்கள். அங்கிருந்து இரண்டு வழி. கூகுள் மேப் 180 நெடுஞ்சாலையைக் காட்டும்; மலையை ஒட்டி 8,000 அடிவரை ஏறி இறங்கும் வழி அது. ஸ்னோ பெய்த நாளில் அதை விட்டுவிடுங்கள். ஐ-40இல் மேற்கே வில்லியம்ஸ் போய் 64ஆம் எண் சாலையில் திரும்பினால் கொஞ்சம் சுற்று, ஆனால் சமதளம். வில்லியம்ஸ் ஒரு சுவாரஸ்யமான ஊர். பழைய ரூட் 66 நெடுஞ்சாலையில் இருந்த ஊர்களில், புறவழிச்சாலை வந்து கடைசியாக ஒதுக்கப்பட்டது அதுதான், 1984 அக்டோபரில். காபிக்கு நிற்கத் தோதான இடம்.

வில்லியம்ஸிலிருந்து ரயிலும் உண்டு. 1901இல் தொடங்கிய பாதை, இரண்டே கால் மணி நேரத்தில் விளிம்பிலுள்ள எல் டோவர் விடுதி வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடும். ஐஸில் கார் ஓட்டப் பயமென்றால் நல்ல வழி. ஆனால் டிசம்பர் மாலைகளில் அதே நிலையத்திலிருந்து குழந்தைகளுக்காகக் கிறிஸ்துமஸ் ரயில் ஒன்று ஓட்டுவார்கள். அது கேன்யனுக்குப் போகாது. டிக்கெட் எடுக்கும்போது எந்த ரயில் என்று பார்த்து எடுங்கள்.

இனிக் குளிர். பயப்படும் அளவுக்கு இல்லை, அலட்சியப்படுத்தும் அளவுக்கும் இல்லை. டிசம்பரில் சராசரியாகப் பகலில் 6 டிகிரி செல்சியஸ், ராத்திரியில் மைனஸ் 7. காற்று அடித்தால் இன்னும் கடுமையாக இருக்கும். சவுத் ரிம் கடல்மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடி. நம் கொடைக்கானல் உயரம்தான். ஆனால் மலை ஏறிய உணர்வே இருக்காது. கொண்டை ஊசி வளைவு ஒன்றுகூடக் கிடையாது. தட்டையான காட்டுக்குள் கார் போய்க்கொண்டே இருக்கும், பள்ளம் இருக்கிற சுவடே தெரியாது. அதனாலேயே மூச்சு வாங்கினால் பெரியவர்கள் என்னமோ ஏதோ என்று பயந்துவிடுவார்கள். உயரம்தான் காரணம், மெதுவாக நடந்தால் போதும் என்று முன்னாலேயே சொல்லி வையுங்கள். இதயக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் ஊரில் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

உடை விஷயத்தில் அம்மாக்களிடம்தான் போராட வேண்டியிருக்கும். புடவைதான் கட்டுவேன் என்றால் கட்டட்டும், ஆனால் உள்ளே தெர்மல் பேன்ட் கட்டாயம். புடவையின் அடிக்கரை ஸ்னோவில் நனைந்து, கொஞ்ச நேரத்தில் விறைத்து அட்டை மாதிரி கணுக்காலில் இடிக்கும். சுடிதாரோ டிராக் பேன்ட்டோ போட்டுக்கொண்டால் நிம்மதி. கம்பளி சாக்ஸ், கையுறை, காதை மூடும் குல்லா மூன்றும் ஆளுக்கொன்று வேண்டும். ஊரிலிருந்து அப்பா கொண்டுவந்திருக்கும் மங்கி கேப்பைக் கேலி செய்யாதீர்கள், அங்கே உதயத்துக்கு நிற்கும்போது அதைவிட உருப்படியான சாமான் கிடையாது. காற்று மிக வறண்டது: உதடு வெடிக்கும், சிலருக்கு மூக்கில் லேசாக ரத்தம்கூட வரும். வாஸலைன் எடுத்துக்கொள்ளுங்கள், தேங்காய் எண்ணெய் பாட்டில் கல்லாகிக் கிடக்கும். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்.

குளிரைவிட உண்மையான ஆபத்து காலடியில் இருக்கிற ஐஸ். சவுத் ரிம்மிலிருந்து கீழே இறங்கும் பாதைகள் வடக்கு பார்த்த சுவரில் இருக்கின்றன. குளிர்காலச் சூரியன் தெற்கே தாழ்வாகப் போவதால் பல வளைவுகளில் வெயிலே படாது. ஸ்னோ விழும், ஆட்கள் மிதித்து அது இறுகும், பிறகு மார்ச் வரைக்கும் கண்ணாடியாகவே கிடக்கும். பிரைட் ஏஞ்சல் பாதையில் சும்மா பத்தடி இறங்கிப் பார்க்கலாமே என்று தோன்றும். உங்கள் அப்பாவின் முழங்காலுக்கு அது வேண்டவே வேண்டாம். மேலே விளிம்பை ஒட்டிப் போகும் தார் போட்ட நடைபாதையே அவர்களுக்குப் போதும், அதிலும் மர நிழலில் ஐஸ் திட்டுகள் இருக்கும். ஷூவின் மேல் மாட்டிக்கொள்ளும் ரப்பர் வார், அடியில் சின்னச் சின்ன இரும்பு முள் வைத்தது, அங்கேயுள்ள பொதுக்கடையிலும் ஃப்ளாக்ஸ்டாஃபிலும் கிடைக்கும். ஆளுக்கொரு ஜோடி வாங்குங்கள். ஒரு கைத்தடியும் இருக்கட்டும். கைப்பிடிக் கம்பி சில முனைகளில் மட்டும்தான் இருக்கிறது என்பதால், பையனின் கையை விளிம்பருகே ஒரு நிமிடம்கூட விடக் கூடாது.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் குளிர்காலத்தில் போக வேண்டும் என்று அம்மா கேட்பார். கோடையைவிட நன்றாகத் தெரியும் என்பதுதான் பதில்.

கோடை நடுப்பகலில் சூரியன் உச்சிக்கு வந்துவிடும். நிழலே இல்லாமல் முழுப் பள்ளமும் வெளிறிப்போய், தட்டையான படம் போல இருக்கும். டிசம்பரில் உச்சிவேளையிலும் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 30 டிகிரிதான் ஏறுகிறது. நாள் முழுக்கச் சாய்வான வெளிச்சம். ஒவ்வொரு முகடும் தன் நிழலை அடுத்த பள்ளத்தில் போட்டுக்கொண்டே நகரும். ஆழம் அப்போதுதான் கண்ணுக்குப் பிடிபடும். அதற்கு மேல் ஸ்னோவின் வேலை. செங்குத்தான பாறைச்சுவரில் ஸ்னோ ஒட்டாது, சரிவிலும் திட்டிலும்தான் தங்கும். பள்ளத்தாக்கோ சுவர், சரிவு, சுவர், சரிவு என்று படிப்படியாக இறங்குவது. அதனால் சிவப்புப் பாறைக்கு நடுவே வெள்ளைக் கோடு கிழித்த மாதிரி ஒவ்வோர் அடுக்கும் தனியாகப் பிரிந்து தெரியும். எதிர்ச்சுவர் பத்து மைல் தொலைவில் இருக்கிறது, அங்கேயும் கோடுகளை எண்ணலாம். கீழே போகப் போக வெள்ளை மெலிந்து ஒரு மட்டத்தோடு நின்றுவிடும். ஒரு மைல் ஆழம் அல்லவா? அடியில் கொலராடோ ஆற்றங்கரையில் ஜனவரியில்கூடப் பகலில் 13 டிகிரி இருக்கும். மேலே ஸ்னோவாக விழுவது பாதி வழியில் மழையாகிவிடுகிறது.

பையனுக்கு அந்தக் கோடுகளைக் காட்டிக் கதை சொல்லலாம். காலடியில் இருக்கிற வெளிர் சுண்ணாம்புப் பாறைக்கு வயது 27 கோடி ஆண்டு. அடியில் கறுப்பாகத் தெரிகிற பாறைக்கு 170 கோடிக்கு மேல். ஆறு இந்தப் பள்ளத்தை அறுத்தது அண்மையில்தான், ஐம்பது அறுபது லட்சம் ஆண்டுகளுக்குள். நடுவில் சிவந்து நிற்கிற பெரிய சுவர் உண்மையில் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். மேலடுக்குகளிலிருந்து வழிந்த இரும்புத் துருதான் அதற்குப் பூசிய சிவப்பு.

அந்தக் கறுப்புப் பாறையின் பெயர் விஷ்ணு. உங்கள் பெற்றோர் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்காருவார்கள். 1880களில் இங்கே ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளருக்குப் பள்ளத்துக்குள் தனித்து நிற்கும் முகடுகள் கீழை நாட்டுக் கோயில்களாகத் தெரிந்தன; அப்படியே பெயர் சூட்டிவிட்டார். பின்னால் வந்தவர்களும் அதே வழக்கத்தைத் தொடர்ந்தார்கள். இன்று அதிகாரபூர்வ வரைபடத்திலேயே விஷ்ணு கோயில், பிரம்மா கோயில், சிவன் கோயில், ராமர் சன்னதி, கிருஷ்ணர் சன்னதி எல்லாம் இருக்கின்றன. மேதர் பாயின்ட் என்ற காட்சி முனையில் நின்று கிழக்கே பார்த்தால் விஷ்ணு, எதிரே பிரம்மா, மேற்கே ஹோப்பி பாயின்ட் போனால் சிவன். அடுக்கடுக்காக ஒடுங்கி மேலே போகும் அந்த வடிவத்தில் உண்மையிலேயே கோபுரச் சாயல் இருக்கிறது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

முழங்கால் வலிக்காரருக்குக் குளிர்காலம் தரும் பெரிய சலுகை ஹெர்மிட் சாலை. விளிம்பை ஒட்டியே மேற்கே ஏழு மைல் போகும் அழகான சாலை. மார்ச் முதல் நவம்பர் வரை அதில் சொந்தக் காருக்கு அனுமதி இல்லை. பூங்கா பஸ்ஸுக்கு வரிசையில் நின்று, ஒவ்வொரு முனையிலும் ஏறி இறங்க வேண்டும். டிசம்பர், ஜனவரி, ஃபிப்ரவரியில் மட்டும் உங்கள் காரிலேயே போகலாம். ஹீட்டர் போட்ட காரில் உட்கார்ந்து, முனைக்கு முனை இறங்கி, ஐந்து நிமிடம் பார்த்து, குளிர்ந்தால் மறுபடி உள்ளே ஏறிக்கொள்ளலாம். அஸ்தமனத்துக்கு ஹோப்பி பாயின்ட் என்று எல்லோரும் அங்கே மொய்ப்பார்கள். நான் அடுத்திருக்கும் மொஹாவே பாயின்டைச் சொல்வேன். ஆறு நன்றாகத் தெரியும், கூட்டமும் கொஞ்சம் குறைவு. பிமா பாயின்டில் காற்று ஓய்ந்த நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தால், கீழே பாறையில் ஆறு மோதும் இரைச்சல் கேட்கும். கடைசியில் ஹெர்மிட்ஸ் ரெஸ்ட், 1914இல் மேரி கோல்ட்டர் என்ற பெண் கட்டடக் கலைஞர் கட்டிய கல்வீடு. உள்ளே ஆள் உயரத்துக்கும் மேலான கணப்பு இருக்கிறது.

அதே கோல்ட்டர் 1935இல் கட்டியதுதான் பிரைட் ஏஞ்சல் லாட்ஜ். அங்கே பழைய வரலாற்று அறையில் ஒரு கணப்பு இருக்கிறது; தங்காவிட்டாலும் போய்ப் பாருங்கள். தரையிலிருந்து கூரை வரை, கேன்யனில் எந்தப் பாறை எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் கற்களை அடுக்கியிருக்கிறார்கள். அடியில் ஆற்றங்கரைக் கல், உச்சியில் விளிம்புச் சுண்ணாம்புக்கல். கீழே இறங்க முடியாத உங்கள் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி ஆற்றிலிருந்து விளிம்பு வரை கையால் தடவிப் பார்த்துவிடலாம்.

தங்குவதற்கு விளிம்பிலேயே இருப்பவை எல் டோவர், கச்சீனா, தண்டர்பேர்ட், பிரைட் ஏஞ்சல். 1905இல் திறந்த எல் டோவருக்குப் பெயரும் அதிகம், விலையும் அதிகம். ஆனால் அங்கே லிஃப்ட் கிடையாது, அப்பாவுக்குத் தோதுப்படாது. கச்சீனாவிலோ தண்டர்பேர்டிலோ தரைத்தள அறை கேளுங்கள். வெளியே வந்து சில எட்டு வைத்தால் விளிம்பு. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை எப்போதும் நிரம்பிவிடும். பதிமூன்று மாதங்களுக்கு முன்பே முன்பதிவு திறப்பதால் இப்போது இடம் காட்டாது. கவலைப்படாமல் தினமும் ஒருமுறை பாருங்கள், ரத்தாகும் அறைகள் கடைசி வாரம் வரை வந்துகொண்டே இருக்கும். உங்கள் தேதி கொஞ்சம் வளையுமானால் ஜனவரி நடுவில் ஒரு செவ்வாய், புதன் பாருங்கள். பாதிச் சிரமம் குறையும்.

இன்னொன்று. சவுத் ரிம்முக்கு வரும் தண்ணீர் எதிர்ச்சுவரில் உள்ள ஊற்றிலிருந்து பள்ளத்தைக் கடந்து வரும் ஒரே குழாயை நம்பியிருக்கிறது. 1960களில் போட்ட குழாய், அடிக்கடி உடைகிறது. 2024 ஆகஸ்ட் கடைசியில் ஒரே சமயத்தில் பல இடங்களில் உடைந்ததால், ராத்திரித் தங்கலையே சில நாள் நிறுத்திவிட்டார்கள். அதனால் பூங்காவுக்கு வெளியே, வாசலுக்கு முன்னால் உள்ள துசயானில், பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரி ஓர் அறையைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் அறை கிடைக்கவே இல்லை என்றாலும் அதுவே கைகொடுக்கும், பத்துப் பதினைந்து நிமிட தூரம்தான். பெட்ரோலையும் துசயானிலேயே நிரப்பிவிடுங்கள். உள்ளே கிராமப் பகுதியில் பங்க் கிடையாது.

கட்டணத்தில் ஒரு மாற்றம் உங்களைத் தொடும். காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். அதோடு 2026 ஜனவரி முதல், அமெரிக்காவில் வசிக்காத, 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 11 தேசியப் பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம். கிராண்ட் கேன்யன் அந்தப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து இருநூறு டாலர். வெளிநாட்டவருக்கான ஆண்டுச் சீட்டு 250 டாலர். யோசெமிட்டியோ சயானோ கூடப் போகும் எண்ணம் இருந்தால் அதை யோசிக்கலாம். கிளம்பும் முன் பூங்காவின் தளத்தில் விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். தொகையை அப்பாவிடம் ரூபாயில் மாற்றிச் சொல்ல வேண்டாம், வாசலிலேயே திரும்பிப் போகலாம் என்பார்.

முதல் நாள் பதினொரு மணிக்கு ஃப்ளாக்ஸ்டாஃபில் சாப்பிட்டால் ஒன்றரைக்குள் மேதர் பாயின்டில் நிற்கலாம். இந்தியச் சாப்பாடும் ஃப்ளாக்ஸ்டாஃபில் கிடைக்கும், பூங்காவுக்குள் சைவம் என்றால் பீட்சா, சூப், உருளைக்கிழங்கு என்று சுற்றிச் சுற்றி அதுதான். மதியம் யாவபாய் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1928இல் கட்டியது, சூடான அறை, சுவர் முழுக்கக் கண்ணாடி, எதிரே முழுப் பள்ளத்தாக்கு. அம்மா அங்கேயே ஒரு மணி நேரம் இருந்துவிடுவார். அறைச் சாவி வாங்கி மூட்டையை வைத்துவிட்டு, நாலரைக்குள் ஹெர்மிட் சாலையில் இருக்க வேண்டும். சூரியன் மறைந்ததும் எல்லோரும் காருக்கு ஓடுவார்கள். ஒரு பத்து நிமிடம் பொறுத்து நில்லுங்கள்; கிழக்குப் பக்கம் பாறைகளின் மேல் நீலமும் ரோஜா நிறமுமாக ஒரு பட்டை எழும்பும், அதில் நீலம் பூமியின் நிழல்.

ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் போர்த்திக்கொண்டு வெளியே வரச் சொல்லுங்கள். நகர வெளிச்சம் இல்லாததால் 2019இல் சர்வதேச இருள்வானப் பூங்கா என்ற அங்கீகாரம் பெற்ற இடம் இது. டிசம்பர் ராத்திரியில் கார்த்திகைக் கூட்டம், ரோகிணி, திருவாதிரை மூன்றும் வரிசையாகக் கிழக்கிலிருந்து ஏறி வந்திருக்கும். ஊரில் மார்கழிக் கோலம் போடும் கையோடு வானம் பார்த்த அம்மாவுக்கு நட்சத்திரம் காட்ட ஆப் எதுவும் தேவைப்படாது. நிலா இல்லாத ராத்திரியாக அமைந்தால் நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும்; பௌர்ணமி பக்கமாக அமைந்தால் ஸ்னோ படிந்த பள்ளமே நிலவில் தெரியும்.

மறுநாள் ஏழு மணிக்கு விளிம்பில். பிளாஸ்கில் காபி போட்டு எடுத்துப்போங்கள், கடைக்கு நிற்க நேரம் இருக்காது. குளிர்காலச் சூரியன் தென்கிழக்கில், உங்களுக்குப் பின்பக்கமாக உதிக்கும். அதனால் சூரியனைத் தேடாமல் எதிரே பிரம்மா கோயிலின் உச்சியைப் பாருங்கள். முதல் வெளிச்சம் அங்கேதான் விழும். பிறகு அடுக்கடுக்காகக் கீழே இறங்கும், ஒவ்வோர் அடுக்காகச் சிவக்கும். செல்போன் பேட்டரி குளிரில் மளமளவென்று இறங்கும். உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடு வைத்திருங்கள்.

முந்தின நாள் மழையோ ஸ்னோவோ பெய்து, ராத்திரி காற்றில்லாமல் தெளிந்திருந்தால் இன்னொரு வாய்ப்பு உண்டு. கனத்த குளிர்காற்று பள்ளத்துக்குள் இறங்கித் தேங்கும்; மேலே இருக்கிற வெதுவெதுப்பான காற்று மூடி போல அதை அமுக்கும். ஈரம் அங்கேயே மேகமாகிப் பள்ளம் முழுக்க நிரம்பும். நீங்கள் வெயிலில் நிற்பீர்கள், காலுக்குக் கீழே மேகக்கடல், கோயில் முகடுகள் தீவுகளாக நிற்கும். முழுசாக நிரம்புவது அபூர்வம். அரைகுறையாக நிரம்பி, வெயில் ஏற ஏறக் கிழிந்து விலகுவதே கண்கொள்ளாக் காட்சிதான். ஆகவே காலையில் ஜன்னலைத் திறந்ததும் மேகமாக இருக்கிறதே என்று மறுபடி போர்த்திக்கொண்டு படுக்காதீர்கள். பூங்கா நிர்வாகம் யாவபாய் முனையில் கேமரா வைத்து இணையத்தில் காட்டுகிறது, படுக்கையிலிருந்தே பார்க்கலாம்.

பத்து மணிக்கு அறையைக் காலி செய்துவிட்டு, வந்த வழியே திரும்பாமல் கிழக்கே டெசர்ட் வியூ சாலையில் போங்கள். 23 மைல் முழுக்க விளிம்பு. இதில் லிப்பன் பாயின்டை விட்டுவிடாதீர்கள், ஆறு வளைந்து வருவது அங்கேதான் விசாலமாகத் தெரியும். கடைசியில் 70 அடிக் கல் கோபுரம், 1932இல் அதே மேரி கோல்ட்டர் கட்டியது, உள்ளே ஹோப்பி ஓவியர் ஃபிரெட் கபோட்டி வரைந்த சுவரோவியங்கள். மேலே ஏறப் படிகள்தான். அப்பா கீழ்த்தளத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்ளட்டும். அங்கிருந்து கேமரன் வழியாக 89ஆம் சாலையைப் பிடித்து ஃப்ளாக்ஸ்டாஃப், ஃபீனிக்ஸ். ஸ்னோ அள்ளுவதற்காக டெசர்ட் வியூ சாலையைச் சில மணி நேரம் மூடுவதுண்டு. மூடினால் வில்லியம்ஸ் வழியே திரும்புங்கள். கேமரன் வரை வந்துவிட்டோமே, ஹார்ஸ்ஷூ பெண்ட் என்ற ஆற்று வளைவையும் பார்த்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அது வடக்கே இன்னும் ஒன்றரை மணி நேரம். ஒரு ராத்திரிப் பயணத்தில் அதைத் திணித்தால் இரண்டுமே அரைகுறையாகிவிடும்.

கார் எடுக்கும்போது நாலு சக்கரத்துக்கும் இழுவை இருக்கும் வண்டி கேளுங்கள். சக்கரத்தில் சங்கிலி மாட்டப் பல வாடகை ஒப்பந்தங்களில் அனுமதி இல்லை. கிளம்பும் காலையில் 511 என்ற எண்ணை அழைத்தால் ஐ-17 திறந்திருக்கிறதா என்று சொல்லிவிடும். பெரிய ஸ்னோ நாளில் ஃப்ளாக்ஸ்டாஃபுக்குக் கீழேயே மறித்துவிடுவார்கள். அப்படி ஆனால் வாதாடாமல் ஃபீனிக்ஸிலேயே இருந்து மறுநாள் போங்கள். புயல் கழிந்த மறுநாள்தான் இங்கே வருவதற்கு ஆகச் சிறந்த நாள். முடிந்தால் திரும்பும் விமானத்துக்கு முன்னால் ஒரு நாளைக் காலியாக விட்டு வையுங்கள்.

வேகஸ் டிக்கெட்டை ஏற்கெனவே வாங்கியிருந்தால் ரத்து செய்ய வேண்டாம். இறங்கிய அன்று மாலையே வில்லியம்ஸ் வரை ஓட்டி அங்கே தூங்குங்கள். காலையில் அறுபது மைல் போனால் விளிம்பு. அன்று ராத்திரி மேலே தங்கி, மறுநாள் காலை பத்தரைக்குப் புறப்பட்டால் வேகஸில் கடிகாரம் ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும், மூன்று மணி வாக்கில் ஊர் சேரலாம். டெசர்ட் வியூவை மட்டும் விட வேண்டியிருக்கும்.